தொடக்கநிலை மாணவரின் வாசிப்பு ஆர்வமும் இலக்கும்: அறியும் முறைகளும் மொழிச் சிக்கல்களும்

ஆய்வுச் சுருக்கம்

தொடக்கப்பள்ளி மாணவர் எந்த அளவிற்கு வாசிக்க வல்லவர் என்பதை அறியும் கருவிகள் இன்று தமிழகப் பள்ளிகளில் பல உள்ளன. அவர்கள் எதை வாசிக்க விரும்புகின்றனர், எதற்காக வாசிக்க விரும்புகின்றனர் என்பதை அறியும் முறைகள் அந்த அளவிற்கு வளரவில்லை. மேலைநாட்டுக் கல்வியியலார் உருவாக்கிய வாசிப்பு மனப்பான்மை வினாநிரல்களைத் தமிழாக்கிப் பயன்படுத்தும்போது மூன்று சிக்கல்கள் எழுகின்றன. 'படித்தல்' என்னும் சொல்லின் பொருள் விரிவு ஒன்று. எழுத்துத்தமிழுக்கும் பேச்சுத்தமிழுக்கும் உள்ள இடைவெளி மற்றொன்று. ஆசிரியர் முன்னிலையில் குழந்தை தரும் விடையின் நம்பகத்தன்மை மூன்றாவது. இச்சிக்கல்களை விளக்கி, தமிழ்ச் சூழலுக்குப் பொருந்தும் எளிய அறியும் முறை ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

கருச்சொற்கள்: தொடக்கக்கல்வி, வாசிப்பு ஆர்வம், வாசிப்பு இலக்கு, இரட்டை வழக்கு, நேர்காணல், உற்றுநோக்கல்.

1. முன்னுரை

மாணாக்கனின் இயல்பை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பது தமிழ்க் கல்விமரபிற்குப் புதிய கருத்து அன்று. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்து, கேட்பவன் எவ்வகையில் ஏற்றுக்கொள்வான் என்பதை உணர்ந்து அவன் மனம் ஏற்குமாறு உரைத்தல் வேண்டும் என்கிறது. அதே பாயிரம் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என உவமை வழி வகைப்படுத்துகிறது. இவ்வகைப்பாடு முழுவதும் கொள்ளும் திறனை அடிப்படையாகக் கொண்டது. மாணாக்கனின் விருப்பம் எது, அவன் எதை நாடிக் கற்க வருகிறான் என்னும் வினா இதில் இடம்பெறவில்லை.

இன்றைய தொடக்கக்கல்வியிலும் இந்நிலை பெரிதும் தொடர்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு குழந்தையும் தனக்குரிய வேகத்தில் முன்னேற இடமளித்தது. 2022இல் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. வாசிப்பு இயக்கத்தின் நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்னும் படிநிலைகளில் அமைந்துள்ளன. 2005 முதல் பிரதம் அமைப்பு நடத்திவரும் கல்விநிலை ஆய்வு, எழுத்து, சொல், பத்தி, கதை என்னும் வரிசையில் வாசிக்கும் திறனை அளக்கிறது. இவை அனைத்தும் இன்றியமையாதவை. ஆயினும் இவை விடைகாணும் வினா, 'இக்குழந்தையால் வாசிக்க முடிகிறதா?' என்பதே. 'இக்குழந்தை வாசிக்க விரும்புகிறதா? விரும்பின் எதை, எதற்காக?' என்னும் வினா தனியே கேட்கப்பட வேண்டியது.

கேட்கப்படாமையால் நேரும் இழப்பு சிறிதன்று. எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்ற பின்னரும், பாடநூலுக்கு வெளியே ஒரு பக்கத்தையும் விரும்பி எடுக்காத குழந்தைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றனர். திறனை மட்டும் அளக்கும் பதிவேட்டில் இவர்கள் வெற்றிபெற்றவர்களாகவே தோன்றுவர். வாசிப்பு குறைந்தால் சொல்வளம் குறைகிறது. சொல்வளம் குறைந்தால் வாசிப்பு மேலும் கடினமாகிறது. இச்சுழற்சியை 1986இல் கீத் ஸ்டானோவிச் விரிவாக விளக்கினார். நான்காம் வகுப்பை ஒட்டி, வாசிக்கக் கற்கும் நிலை மாறி வாசித்துக் கற்கும் நிலை தொடங்குகிறது என்பது ஜீன் சால் 1983இல் வகுத்துரைத்த படிநிலைக் கோட்பாடு. அந்தத் திருப்பத்திற்கு முன்பே குழந்தையின் விருப்பத்தை ஆசிரியர் அறிந்திருப்பது பயன் தரும்.

2. திறன், ஆர்வம், இலக்கு: வேறுபாடு

திறன் என்பது இயலுவது. ஆர்வம் என்பது நாடுவது. இலக்கு என்பது அடைய எண்ணுவது. இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை எனினும் ஒன்றல்ல. திறன் மிக்க குழந்தைக்கு ஆர்வம் இல்லாதிருக்கலாம். ஆர்வம் மிக்க குழந்தைக்குத் திறன் போதாதிருக்கலாம். கிரிக்கெட் செய்திக்காக நாளிதழின் கடைசிப் பக்கத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் நான்காம் வகுப்புச் சிறுவன் இரண்டாம் வகையினன். அவனை 'மொட்டு' நிலையில் வைப்பதோடு ஆசிரியர் நின்றுவிட்டால், அவனை முன்னே இழுத்துச்செல்லக்கூடிய கயிறு கண்ணில் படாமலே போகும்.

ஆர்வத்திலும் இருவகை உண்டு. ஒரு சூழலால் தூண்டப்பட்டு அச்சூழலோடு மறைவது சூழல்சார் ஆர்வம். நாளடைவில் வேரூன்றி, தூண்டுதல் இன்றியும் நிலைப்பது தனிநபர் ஆர்வம். முன்னது பின்னதாக வளர்வதை நான்கு கட்டங்களாக 2006இல் ஹைடி, ரெனிங்கர் ஆகியோர் விளக்கினர். ஆசிரியர் கதைசொல்லும்போது வகுப்பு முழுவதும் கண்ணிமைக்காமல் கேட்பது சூழல்சார் ஆர்வம். மறுநாள் அக்கதை இருக்கும் நூல் எது என ஒரு குழந்தை தேடி வந்து கேட்பது அடுத்த கட்டத்தின் தொடக்கம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால், கதைநேரம் சிறப்பாக நடந்ததையே வாசிப்பு ஆர்வம் வளர்ந்ததாகத் தவறாகக் கணிக்க நேரிடும்.

இலக்கும் அவ்வாறே இருவகைப்படும் என ஊக்கம் பற்றிய உளவியல் ஆய்வுகள் கூறுகின்றன. ஒன்றை நன்கு அறிந்து தேர்ச்சிபெற வேண்டும் என்பது கற்றல் இலக்கு. பிறரைவிட நன்றாகச் செய்கிறேன் எனக் காட்டவேண்டும் என்பது வெளிப்பாட்டு இலக்கு. 'தடங்கல் இல்லாமல் வாசித்து வகுப்பில் முதலாவதாக வரவேண்டும்' என்னும் குழந்தையும், 'பாட்டிக்கு வரும் கடிதத்தை நானே வாசித்துக் காட்டவேண்டும்' என்னும் குழந்தையும் ஒரே பாடத்தை வாசிக்கலாம். அவர்களுக்கு வேண்டிய நூலும் ஊக்கமும் வேறுவேறு.

3. நடப்பிலுள்ள கருவிகள்

தொடக்கநிலை மாணவரின் வாசிப்பு மனப்பான்மையை அறிய உருவாக்கப்பட்ட கருவிகளுள் இரண்டு பரவலாக அறியப்பட்டவை. முதலாவது, 1990இல் அமெரிக்காவில் மெக்கென்னா, கியர் ஆகியோர் வெளியிட்ட தொடக்கநிலை வாசிப்பு மனப்பான்மை வினாநிரல். இதில் 20 வினாக்கள் உள்ளன. முதல் 10 வினாக்கள் பொழுதுபோக்கு வாசிப்பையும், அடுத்த 10 வினாக்கள் பள்ளிசார் வாசிப்பையும் பற்றியவை. ஒவ்வொரு வினாவின் கீழும் கார்ஃபீல்ட் என்னும் சித்திரப் பூனையின் நான்கு முகபாவங்கள் இருக்கும். மிக்க மகிழ்ச்சி முதல் மிக்க வெறுப்பு வரையுள்ள அப்படங்களுள் ஒன்றைக் குழந்தை வட்டமிடும். முதல் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ள 18,000க்கும் மேற்பட்ட மாணவரிடம் நடத்தி இதன் ஒப்பீட்டு அளவுகள் வகுக்கப்பட்டன.

இரண்டாவது, 1996இல் லிண்டா கேம்ப்ரெல் முதலியோர் உருவாக்கிய வாசிப்பு ஊக்க விவரக்குறிப்பு. இதற்கு இரு பகுதிகள். 20 கூற்றுகள் கொண்ட வினாநிரல், வாசகராகக் குழந்தை தன்னை எவ்வாறு கருதுகிறது என்பதையும், வாசிப்பை எவ்வளவு மதிக்கிறது என்பதையும் அளக்கும். மற்றொரு பகுதி உரையாடல்வழி நேர்காணல். அண்மையில் வாசித்த கதை, அண்மையில் அறிந்த செய்தி, புதிய நூல்களை அறிந்த வழி போன்றவற்றை ஆசிரியர் பேச்சுவாக்கில் கேட்டறிவார்.

இவ்விரு கருவிகளிலும் நமக்குப் பாடம் உண்டு. பள்ளி வாசிப்பையும் பள்ளிக்கு வெளியிலான வாசிப்பையும் பிரித்துக் கேட்கவேண்டும் என்பது முதலாவது தரும் பாடம். எண்களால் மட்டும் அறியமுடியாது, பேசியும் அறியவேண்டும் என்பது இரண்டாவது தரும் பாடம். எனினும் இவற்றை அப்படியே தமிழாக்கிக் கொடுப்பது தீர்வாகாது. கார்ஃபீல்ட் பூனையை நம் குழந்தைகள் அறியாதிருப்பது எளிதில் களையக்கூடிய குறை. படத்தை மாற்றினால் போதும். மொழி எழுப்பும் குறைகள் அவ்வளவு எளியவை அல்ல.

4. தமிழ்ச் சூழலில் எழும் சிக்கல்கள்

4.1 'படித்தல்' என்னும் சொல்

'உனக்குப் படிக்கப் பிடிக்குமா?' என்று தமிழகத்துக் குழந்தை ஒன்றிடம் கேட்டால், அது 'உனக்குப் பாடம் கற்கப் பிடிக்குமா?' என்றே பெரும்பாலும் பொருள்கொள்ளும். படித்தல் என்னும் ஒரே சொல் நூலைப் பார்த்து வாசித்தலையும், கல்வி கற்றலையும், தேர்விற்கு ஆயத்தமாதலையும் குறிக்கிறது. 'படித்தவர்' என்றால் கல்வித்தகுதி பெற்றவர். 'நன்றாகப் படிக்கிற பிள்ளை' என்றால் மதிப்பெண் பெறும் பிள்ளை. 'படி, படி' என வீட்டில் சொல்வது பாடத்தை எடுக்கச் சொல்வது. ஆகவே மேற்கண்ட வினாவிற்கு 'பிடிக்கும்' என வரும் விடை, வாசிப்பு ஆர்வத்தைக் காட்டுகிறதா, நல்ல மாணவராகத் தோன்றும் விருப்பத்தைக் காட்டுகிறதா எனப் பிரித்தறிய இயலாது. 'பிடிக்காது' என வரும் விடையும் அத்தகையதே. கதைநூலைக் கீழே வைக்க மனமில்லாத சிறுமி ஒருத்தி, கணக்குப் பாடத்தை நினைத்து அவ்வாறு கூறியிருக்கலாம்.

'வாசித்தல்' என மாற்றிக் கேட்பதும் முழுத்தீர்வு ஆகாது. தமிழக வகுப்பறையில் 'வாசி' என்பது பெரும்பாலும் எழுந்துநின்று உரக்க வாசிக்கச் சொல்லும் ஏவல். பிழை நேர்ந்தால் பிறர் சிரிக்கும் அச்சம் அச்சொல்லோடு ஒட்டியிருக்கலாம். இலங்கைத் தமிழில் நிலைமை சற்று வேறு. அங்குப் பள்ளிக்கல்வியைப் 'படித்தல்' எனவும், நூலை 'வாசித்தல்' எனவும் பிரித்து வழங்கும் வழக்கு வலுவாக உள்ளது. ஊர்தோறும் அமைந்த வாசிகசாலைகளின் பெயரும் அவ்வழக்கைக் காட்டும். ஆகவே, ஒரே தமிழ் வினாநிரலை இரு நாடுகளிலும் வழங்கினால், இரு நாட்டுக் குழந்தைகளும் ஒரே வினாவிற்கு விடையளித்ததாகக் கொள்ள முடியாது.

'புத்தகம்' என்னும் சொல்லிலும் இதே இடர்ப்பாடு உண்டு. அச்சொல் பல குழந்தைகளுக்கு முதலில் பாடப்புத்தகத்தையே நினைவூட்டும். பாடநூல் தவிர வேறு அச்சுநூல் இல்லாத வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு வேறொன்றும் நினைவிற்கு வர வழியில்லை. 'வீட்டில் எத்தனை புத்தகங்கள் உள்ளன?' என்னும் வினா அத்தகைய குழந்தையைக் கூச்சத்திற்கும் உள்ளாக்கும்.

4.2 இரட்டை வழக்கு

தமிழில் எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் பெரிதும் வேறுபடுவதை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். 'வந்துகொண்டிருக்கிறான்' என எழுதப்படுவதை 'வந்துக்கிட்டிருக்கான்' எனக் குழந்தை பேசுகிறது. எழுத்துத்தமிழில் அமைந்த வினாநிரலை இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் கொடுத்தால், அது ஆர்வத்தை அளக்கும் முன்பே வாசிக்கும் திறனை அளக்கத் தொடங்கிவிடும். திறன் குறைந்த குழந்தை வினா விளங்காமல் ஏதோவொரு முகத்தை வட்டமிடும். அது ஆர்வமின்மையாகப் பதிவாகும். திறனையும் ஆர்வத்தையும் பிரித்தறிய வந்த கருவி மீண்டும் அவற்றைக் கலந்துவிடும்.

வீட்டுமொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ உருதுவாகவோ இருக்கும் குழந்தைகள் தமிழ்வழிப் பள்ளிகளில் பயில்கின்றனர். வேலைதேடிப் பிற மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளும் உள்ளனர். இவர்களுக்கு இவ்விடைவெளி இன்னும் பெரிது. எனவே வினாக்கள் வாய்மொழியாக, அவ்வட்டாரப் பேச்சுத்தமிழில் கேட்கப்பட வேண்டும்.

4.3 விடையின் நம்பகத்தன்மை

வினாவுவோர் ஆசிரியர் என்பதால், அவருக்கு உகந்தது எதுவோ அதையே குழந்தை கூறும். 'என்ன வாசிக்கப் பிடிக்கும்?' என்றால் 'திருக்குறள்' எனவும், 'எதற்காக வாசிக்கிறாய்?' என்றால் 'மாவட்ட ஆட்சியர் ஆவதற்கு' எனவும் விடை வரக்கூடும். இவற்றைப் பொய் எனத் தள்ளுதல் தகாது. பெரியவர்கள் கேட்க விரும்புவதாகக் குழந்தை கருதுவது எது என்பதை இவை காட்டுகின்றன. குழந்தை விரும்புவது எது என்பதற்கு மட்டும் இவை சான்றாகா.

5. பொருத்தமான முறை: மூன்று வழிகள்

மேற்கண்ட சிக்கல்களைக் கருத்திற்கொண்டு, உற்றுநோக்கல், உரையாடல், இலக்குப் பதிவு என்னும் மூன்று வழிகளை இணைத்துப் பயன்படுத்தலாம். மூன்றும் பொருந்திவரும் இடத்தில் முடிவு உறுதிப்படும். முரண்படும் இடத்தில் மீண்டும் காண வேண்டும்.

5.1 உற்றுநோக்கல்

பல்வகை நூல்களையும் இதழ்களையும் பாய்விரித்து அதன்மேல் அட்டை தெரியுமாறு பரப்பிவைத்து, குழந்தைகள் விரும்பியதை எடுக்க விடலாம். விலங்குக்கதை, நகைச்சுவை, படக்கதை, அறிவியல் செய்தி, விடுகதை, விளையாட்டு, உள்ளூர்ச் செய்தி எனப் பொருள் பலவாக இருத்தல் நன்று. நான்கு, ஐந்தாம் வகுப்பினர்க்கென வெளிவரும் 'ஊஞ்சல்' போன்ற இதழ்களையும் சேர்க்கலாம். எதை முதலில் எடுக்கிறது, எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது, எதைத் தோழரிடம் காட்டுகிறது, எதை மீண்டும் நாடுகிறது என ஆசிரியர் குறித்துக்கொள்வார். ஒருநாள் தேர்வு தற்செயலாகலாம். மூன்று, நான்கு முறை திரும்ப வரும் தேர்வே கருதத்தக்கது.

இவ்வழிக்கும் வரம்பு உண்டு. பாயில் இல்லாத ஒன்றைக் குழந்தை தேர்ந்தெடுக்க இயலாது. தான் அறியாத ஒன்றின்மேல் ஆர்வம் தோன்றுவதும் அரிது. 1947இல் தமிழிலும் தெலுங்கிலும் தோன்றிய 'அம்புலிமாமா', 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'முத்து காமிக்ஸ்' போன்றவை ஒரு தலைமுறையின் வாசிப்பு விருப்பத்தை நிறைவுசெய்தவை மட்டுமல்ல. அவ்விருப்பத்தை உருவாக்கியவையும் ஆகும். ஆகவே நூல்வகையை விரிவாக்காமல் ஆர்வத்தை ஆராய்வது, இருப்பில் உள்ளதைக் கணக்கெடுப்பதாகவே முடியும்.

5.2 உரையாடல்

உரையாடல் ஐந்து முதல் பத்து நிமிடங்களில் முடியலாம். மரத்தடியிலோ மதிய உணவிற்குப் பின்னரோ அமைவது நன்று. பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பதைத் தவிர்க்க வேண்டும். பொதுவான விருப்பத்தைக் கேட்பதைவிட, நடந்த ஒன்றைக் கேட்பது நம்பத்தக்க விடை தரும். எடுத்துக்காட்டாக, பேச்சுவழக்கில் பின்வருமாறு கேட்கலாம்:

(1) நேத்து பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போற வழியில என்னென்ன எழுத்தெல்லாம் கண்ணுல பட்டுச்சு?
(2) அதுல எதையாவது நின்னு வாசிச்சுப் பாத்தியா?
(3) யாராவது கதை சொல்லிக் கேட்டியா? அதுல எந்த இடம் பிடிச்சுது?
(4) உனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம் எது? எனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லிக் குடு.
(5) அதைப் பத்தி ஒரு கதைப்புத்தகம் இருந்தா எப்படி இருக்கணும்? படம் நிறைய வேணுமா?
(6) வீட்டுல யாருக்காவது நீ வாசிச்சுக் காட்டுறது உண்டா? என்ன வாசிச்சுக் காட்டுவ?
(7) வாசிக்கத் தெரியாததால ஏதாவது ஒண்ணு முடியாமப் போயிருக்கா?
(8) அடுத்த மாசத்துக்குள்ள எதை நீயா வாசிச்சுடணும்னு நினைக்கிற?

முதல் இரு வினாக்கள் நூல் இல்லாத வீட்டுக் குழந்தைக்கும் விடையளிக்க இடந்தருபவை. கடைப்பலகை, பேருந்தின் ஊர்ப்பெயர், சுவரொட்டி, மிட்டாய் உறை ஆகியனவும் வாசிப்பே என்பதை அவை குழந்தைக்கு உணர்த்துகின்றன. நான்காம் வினா ஆசிரியரை மாணவராக்குகிறது. மீன்பிடி வலையைப் பற்றியோ ஆட்டுக்குட்டியைப் பற்றியோ அறிந்த குழந்தை தயக்கமின்றிப் பேசத் தொடங்கும். ஏழாம் வினாவை மட்டும் கவனத்துடன் கேட்டல் வேண்டும். குழந்தை தயங்கினால் விட்டுவிடலாம். இவ்வினாக்கள் எவற்றிலும் 'படித்தல்' என்னும் சொல் இடம்பெறாமை கருதத்தக்கது.

5.3 இலக்குப் பதிவு

'இலக்கு' என்பது குழந்தையின் சொல் அன்று. 'பெரியவனாகி என்னவாக ஆவாய்?' என்னும் வினா தொலைவான கனவைத் தருமேயன்றி, வாசிப்பிற்கு வழிகாட்டும் குறியைத் தராது. எட்டாம் வினாவின் விடையே குழந்தை தானே வகுத்துக்கொள்ளும் இலக்காகும். அது சிறியதாக, அண்மையில் அடையக்கூடியதாக, முடிந்ததைக் குழந்தை தானே அறியக்கூடியதாக இருத்தல் வேண்டும். 'தம்பிக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டுவேன்', 'பேருந்துப் பலகையை நின்றுவிடாமல் வாசிப்பேன்', 'பாம்புகள் பற்றிய நூலை முடிப்பேன்' என்பன போன்றவை ஏற்றவை. ஆசிரியர் குழந்தையின் சொல்லிலேயே இதனைக் குறிப்பேட்டில் எழுதி, மாத இறுதியில் அக்குழந்தையோடு அமர்ந்து பார்த்தல் வேண்டும். எட்டாத இலக்கைக் குறைத்துக்கொள்ளவும், எட்டிய இலக்கை உயர்த்திக்கொள்ளவும் உரிமை குழந்தைக்கே உரியது.

6. நடைமுறையும் எச்சரிக்கைகளும்

பணிச்சுமை மிக்க ஆசிரியரால் இது இயலுமா என்பது நியாயமான வினா. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலையில் 30 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்னும் விகிதத்தை வகுத்துள்ளது. நாளொன்றுக்கு இருவருடன் உரையாடினால் 15 பள்ளிநாள்களில் 30 குழந்தைகளையும் அறிந்துவிடலாம். குழந்தைக்கு ஒரு பக்கம் என ஒரு குறிப்பேடு போதும். இதனை மற்றுமொரு புள்ளிவிவரப் படிவமாக்கி மேலிடத்திற்கு அனுப்பச் செய்தால், விடைகள் அனைத்தும் விரைவில் ஒரே அச்சில் அமைந்துவிடும். இக்குறிப்பேடு ஆசிரியருக்கும் குழந்தைக்கும் இடையிலேயே இருத்தல் நலம்.

மேலும் மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, அறிந்த ஆர்வத்தை முத்திரையாக்கக் கூடாது. சிறுவர்க்குச் சாகசம், சிறுமியர்க்குக் குடும்பக்கதை என முன்முடிவோடு நூல் வழங்குவது, ஆர்வத்தை அறிவதற்கு மாறாக அதனை அடைப்பதாகும். இரண்டாவது, வாசிப்பிற்குப் பரிசு அறிவிப்பதில் கவனம் வேண்டும். தாமே விரும்பிப் படம் வரைந்த மழலையரிடம் பரிசு தருவதாக முன்கூட்டிச் சொல்லி வரையச்செய்தபோது, பின்னர் அவர்களின் தன்னார்வம் குறைந்ததை 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் கண்டறிந்தனர். முடித்த நூல்களின் எண்ணிக்கைக்குப் பரிசு என்றால், மெல்லிய நூல்களையே குழந்தை தேடக்கூடும். மூன்றாவது, கேட்டபின் செயல் இருத்தல் வேண்டும். பாம்பைப் பற்றி வாசிக்க விரும்புவதாகக் கூறிய குழந்தைக்கு அத்தகைய ஒரு பக்கமேனும் கிடைக்காவிடில், அடுத்த முறை அது உண்மை விடையைக் கூறாது. நூல் கிடைக்காதபோது, குழந்தை சொன்னதையே ஆசிரியர் எழுதிக்கொடுத்து வாசிக்கச் செய்யலாம். தன் பேச்சு எழுத்தாவதைக் காண்பது இரட்டை வழக்கின் இடைவெளியைக் கடக்கவும் துணைபுரியும்.

7. முடிவுரை

தொடக்கநிலையில் வாசிப்புத் திறனை வளர்க்கத் தமிழகத்தில் எடுக்கப்பட்ட முயற்சிகள் பல. அம்முயற்சிகளின் பயன் நிலைத்திருக்க, வாசிக்கக் கற்ற குழந்தை தொடர்ந்து வாசிக்க விரும்புதல் வேண்டும். அவ்விருப்பத்தை அறியும் கருவிகளைப் பிறமொழியிலிருந்து பெறுவதில் தவறில்லை. ஆயின் 'படித்தல்', 'வாசித்தல்', 'புத்தகம்' போன்ற எளிய சொற்கள் குழந்தையின் காதில் எவ்வாறு ஒலிக்கின்றன என்பதை ஆராயாமல் அவற்றைப் பயன்படுத்துவது, வேறொரு வினாவிற்கான விடையைப் பெறுவதாகவே முடியும். இவ்விடத்தில் கல்வியியலோடு தமிழியலும் மொழியியலும் இணைந்து செய்யவேண்டிய பணி உள்ளது. வட்டாரந்தோறும் குழந்தைகள் வாசிப்பைக் குறிக்க வழங்கும் சொற்களைத் தொகுத்தல், பேச்சுவழக்கில் வினாக்களை வகுத்துக் களத்தில் சரிபார்த்தல், குழந்தைகள் கூறும் இலக்குகளை அவர்தம் சொற்களிலேயே பதிவுசெய்தல் ஆகியன அடுத்த ஆய்வுகளுக்கு உரிய களங்களாகும். அதுவரை, ஆசிரியர் ஒருவர் நாளுக்கு இரு குழந்தைகளோடு பத்து நிமிடம் அமர்ந்து கேட்பதற்கு எத்திட்டத்தையும் எதிர்நோக்க வேண்டியதில்லை.